உள்ளே விட்ட துணி

ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பெரும்பாலும் ஜாக்கெட்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கூட தன் எடை இத்தனை கிலோ என்று என்னிடம் சொன்னதில்லை. ஆனால் எடையைப் பற்றிப் பேசாமல் யாரும் துணியைக் கொடுத்ததும் இல்லை. "சதை வெச்சிருச்சுங்க." "நொம்ப ஊதிட்டனுங்க." "பூசினாப்ல ஆயிட்டனுங்க, ஊட்டுல கிண்டல் பண்றாரு." லாட்ஜ் வைத்திருக்கிற வீட்டு அம்மா ஒருவர், போன வருஷ ஜாக்கெட்டுக்குள் இந்த வருஷம் கை நுழையவில்லை என்று கொண்டுவந்து, "நான் கொஞ்சம் ஹெல்தியா இருக்கறனுங்க" என்றார். இன்னொருவர் பழி முழுவதையும் துணி மேல் போட்டுவிடுவார். "ஒரே தண்ணியில சுருங்கிருச்சுங்க, என்ன துணி விக்கறாங்களோ!" நான் வாயை மூடிக்கொண்டு தையலைப் பிரித்து விடுவேன். மூடாத நாளும் உண்டு. "அகலம் மட்டும் சுருங்கி நீளம் அப்பிடியே நிக்குதே, அதெப்பிடிங்க?" என்று கேட்டு ஒரு நல்ல வாடிக்கையை விரட்டியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அது கீழே சேலத்திலிருந்து வந்து கடையும் ஓட்டலும் போட்டவர்கள் வீட்டுப் பேச்சு. மலையில் பிறந்த எங்கள் பேச்சு எதிர்ப்பக்கம் போகும். எளைச்சுட்டன், எறங்கிருச்சு, ஒட்டிப் போயிட்டன், வத்திட்டன். காரணமும் கையோடு இருக்கும். காபிப் பழம். கார்த்திகையில் பழம் எடுக்கத் தொடங்கினால் மாசி வரைக்கும் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நிற்க வேண்டும். அந்த மாதங்களில் எல்லாப் பெண்களும் இளைப்பார்கள். பிறகு பலா பழுக்கும், மழை பிடிக்கும், வேலை ஓயும், தேறுவார்கள். செடிக்கு இருப்பது போல உடம்புக்கும் பருவம் இருக்கிறது என்று நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த நம்பிக்கையின் மேல் இப்போது எனக்கு இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. என் அக்கா அதை நம்பித்தான் செத்துப்போனாள்.

அக்காவை எங்கள் ஊர் மாரமங்கலத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, வீட்டுக்கு வேண்டிய ராகி. மாமாவும் ஒரே மகளும். நான் தையல் கற்றுக்கொண்டு ஏற்காட்டோடு நின்றுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பெரிய உடம்பு அவளுடையதுதான். அதைப் பற்றி வெட்கமே கிடையாது அவளுக்கு. "நான் நடந்தா காபிச்செடி தானா ஒதுங்கி வழி உடும் கண்ணு" என்பாள். விசேஷ வீட்டில் பாயில் உட்கார்ந்துவிட்டால், எழுப்பிவிட இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையை நீட்டுவாள். உண்மையில் ஒரு ஆளும் வேண்டியதில்லை. சும்மா ஒரு ஆர்ப்பாட்டம். அவள் சிரித்தால் அந்தப் பெரிய தோள் இரண்டும் சேர்ந்து குலுங்கும்.

எங்கள் பக்கத்தில் தையல் கடைக்கு வந்து அளவு கொடுக்கிற வழக்கம் குறைவு. உடம்பில் டேப் வைக்கக் கூச்சம். பாதிப் பேருக்கு பஸ் ஏறி வரப் பொழுதும் கிடையாது. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றை அளவு ஜாக்கெட் என்று ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். புதுத் துணியோடு அதைச் சுருட்டி யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும். அக்காவின் அளவு ஜாக்கெட் அரக்கு நிறம். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் நான் தைத்துக் கொடுத்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அது மஞ்சள் பையில் பஸ் ஏறி என் கடைக்கு வரும், புதுசு கூட்டிக்கொண்டு திரும்பிப் போகும். அதன் அகலத்தை மேஜையில் விரித்துப் பார்த்தால் அக்காவே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். மாறாமல் வந்துகொண்டிருந்தது அது. அக்காதான் மாறிக்கொண்டிருந்தாள்.

முதலில் போனில் சொன்னாள். பழம் எடுக்கிற மாதம் அது. "கொஞ்சம் எளைச்சிருக்கறன் கண்ணு. நல்லதுதான் போ, மேடு ஏறுறதுக்கு லேசா இருக்குது." இரண்டு பேரும் சிரித்தோம். பலாப்பழக் காலத்தில் கேட்டேன். "இன்னும் தேறல. வாய்க்கு ஒண்ணும் புடிக்கமாட்டேங்குது" என்றாள். மாமா போனை வாங்கி, "மழை நல்லாப் புடிக்கட்டும், தேறிருவா" என்றார். மழை நன்றாகவே பிடித்தது. ஆடியில் எறங்கிருச்சு என்றாள், புரட்டாசியில் வத்திட்டன் என்றாள். சொல் மாறிக்கொண்டே போனது, குரல் மட்டும் மாறவில்லை. வலிக்குது என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் பறந்து போயிருப்பேன். வத்திட்டன் என்பதை இந்த மலையில் யார்தான் சொல்லவில்லை?

அந்த ஐப்பசியில் ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தாள். குளிர் காலத்தில் இங்கே யாருடைய உடம்பையும் யாரும் பார்க்க முடியாது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு மேல் செயின் தனியாகக் கிடந்தது. நான் கேட்பதற்குள் எங்கள் தெருக் கடைக்கார அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அடையாளமே தெரியலீங்க! எப்பிடிக் கொறைச்சீங்க? என்ன டயட்டுங்க?"

அக்காவுக்கு டயட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்பது தெரிந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலையில ராகிக் கஞ்சிதானுங்க" என்றாள். அந்த அம்மா அடுத்த வாரமே ராகி மாவு வாங்கினார். தினமும் கஞ்சி குடிப்பதாக என்னிடம் வந்து சொன்னார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கார்த்திகை பிறந்ததும் மறுபடியும் மஞ்சள் பை வந்தது. பிரித்தால் உள்ளே அரக்கு ஜாக்கெட் இல்லை. அக்கா வீட்டில் போடுகிற பழைய ஊதா ஜாக்கெட் இருந்தது. மகள் அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு நூலில், கையால், பெரிய பெரிய தையலாக உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. ஒரு முறை பிடித்து, அது போதாமல் அதற்கும் உள்ளே இன்னொரு முறை, அதற்கும் உள்ளே இன்னொரு முறை. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணுக்கு அது சரியாக இருந்திருக்கும். மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். "சாமி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கற!" என்று எழுந்தாள். உள்ளே கூட்டிப்போய் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே கழற்றினேன். அதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. பெட்டியைத் திறந்தால் கடைசியாக நான் தைத்தனுப்பிய ஜாக்கெட்டுகள் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"ஏனுங்க்கா போடல?"

"தேறினதுக்கு அப்பறம் போட்டுக்கலாம்னு வெச்சிருக்கறன் கண்ணு. இப்பப் போட்டா சட்டையாட்டம் தொங்குது."

சேலத்துக்குக் கூட்டிப் போனேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த கனமே தெரியவில்லை எனக்கு. ஆஸ்பத்திரியில் எடை மிஷின் மேல் நிறுத்தினார்கள். நர்ஸ் எண்ணைச் சொன்னதும் அக்கா பணிவாகக் கேட்டாள். "அது சாஸ்திங்களா, கொறைச்சலுங்களா?" நர்ஸ் எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் இளவயசுக்காரர், பொறுமையானவர்.

"எப்ப இருந்தும்மா எடை குறையுது?"

"பழம் எடுக்கறப்ப எளைச்சதுங்க. மழையில தேறிரும்னு இருந்தனுங்க."

"மழை முடிஞ்சுபோச்சேம்மா?"

"இல்லீங்க, அது போன வருஷத்துப் பழமுங்க. இப்ப அடுத்த பழம் வந்திருச்சுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு முழு வருஷத்தை அவள் இப்படிச் சொன்னபோது எனக்கே அப்போதுதான் உறைத்தது. பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். அவள் எதற்கும் ஆசைப்படாமல் ஆறேழு மாதம் ஆகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அக்காவிடம் மாமா, வயிற்றுப்புண் என்றார். அவள் நம்பினாளா, நம்பின மாதிரி இருந்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. தையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் புடவை எடுத்தாகிவிட்டது. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. அதே மஞ்சளில் ஜாக்கெட் துணியை அக்கா என் மடியில் போட்டு, அரக்கு ஜாக்கெட்டையும் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த அளவுக்கே தை."

"இப்ப இருக்கற அளவுக்குத் தைக்கறனுங்க்கா. கல்யாணத்துல நாலு பேரு பாப்பாங்க."

"தையிக்குள்ள தேறிருவன். அப்பறம் இதைய தூக்கி எங்க போடறது? நல்ல துணி."

சண்டை போட்டோம். அழுவதற்குப் பதில் சண்டை போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். துணியை அரக்கு ஜாக்கெட்டின் அகலத்துக்கே வெட்டுவது, தையலை மட்டும் இப்போதைய உடம்புக்கு உள்ளே தள்ளிப் போடுவது. தேறத் தேற ஒவ்வொரு தையலாகப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். எல்லா ஜாக்கெட்டிலும் ஒரு விரல் அகலம் உள்ளே விடுவோம். இதில் கை அகலத்துக்கு மேல் விட வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவின் உடம்பில் டேப் வைத்தேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு, "எத்தனை?" என்று கேட்டாள். "பரவால்லீங்க்கா" என்றேன். அந்த எண்ணை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. மறக்கவும் முடியவில்லை.

தைத்து எடுத்துப் போனபோது அவள் படுக்கையோடு இருந்தாள். அன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம். மகளும் நானும் உட்கார வைத்துப் போட்டுவிட்டோம். வெளியிலிருந்து பார்க்க அழகாகப் பொருந்தியது. மகள் கண்ணாடியைக் காட்டினாள். அக்கா தன் தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "நல்லா எளைச்சுத்தான் போயிட்டன்" என்றாள். குலுங்கிச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு விலாவைத் தொட்டுக்கொண்டாள்.

"உள்ள துணி உறுத்துது கண்ணு."

உறுத்தாமல் என்ன செய்யும்? எலும்புக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் அத்தனை துணி மடிந்து கிடந்தது. நான் கத்தரியை எடுத்தேன். "ரெண்டு பக்கமும் வெட்டி உட்டர்றனுங்க்கா, ஒரு நிமிசம்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

"வெட்டிட்டயின்னா அப்பறம் எதைப் பிரிச்சு உடுவ?"

கத்தரியைப் பையில் போட்டேன். கல்யாணம் வரைக்கும் கழற்றி வைக்கலாம் என்றதற்கும் கேட்கவில்லை. இதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது, கிடக்கட்டும் என்றாள். அவளுக்கு அதன் பிறகு எழுந்திருக்க நாள் வாய்க்கவில்லை. மார்கழியில், பழம் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது போனாள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் பையை அவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள்.

குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் நாங்கள் புடவையைச் சுற்றி மறைத்துக்கொண்டோம். தண்ணீர் ஊற்றிய ஒரு அம்மா, அக்காவின் தோளைத் தடவி, "எப்பிடி இருந்த உடம்பு. இன்னும் நாலு மாசம் தள்ளியிருந்தா மழையில தேறியிருப்பா பாவம்" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அந்தச் சொம்பைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அவர் என் அக்காவை அவ்வளவு மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

நான் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றினேன். இரண்டு விலாவிலும், அக்குளிலிருந்து இடுப்பு வரை, நான் வெட்டாமல் விட்ட துணி சிவப்பாகத் தடம் பதித்திருந்தது.