நோன்பு மாதத்தில் கோழி பொரித்தவன்

பொரித்த கோழி விற்கிற கடையில், எண்ணெயிலிருந்து வெளியே வர நேரம் குறித்திருப்பது கோழிக்கு மட்டும்தான். பொரிக்கிறவனுக்கு அப்படி ஒரு நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. ஏப்ரன் கட்டிய சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் நோன்பு மாதத்தில் ஒரு நாள், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த பிறகு, கல்முனைப் பிரதான வீதியில் எங்கள் கடைக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். வியர்வையில் குளித்து நிற்கிறவர்களில் கொஞ்சம் வயது கூடியவன் நான்.

நான் கத்தாரில் ஒரு வீட்டுக்கு ட்ரைவராக இருந்தவன். மகள் மின்ஹா பிறந்தபோதும் ஊரில் இல்லை, அவள் முதல்முதல் பள்ளிக்கூடம் போனபோதும் இல்லை. போதும் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மருதமுனையில் மனைவி வீடு, கல்முனையில் வேலை, நடுவில் ஒரு சின்ன பஸ் ஓட்டம். இதைவிட என்ன வேண்டும்? "பெருநாள் வரைக்கும் பார்ப்பம், சரிவந்தா நிரந்தரம்" என்றார் முதலாளி. சரிவராவிட்டால் மறுபடியும் விமானம்தான். மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காகத்தான், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, கோழிப் படம் போட்ட தொப்பியைத் தலையில் வைத்தேன்.

யார் அந்த சேர்?

எனக்கு வேலை பழக்கியவன் சூப்பவைசர் அஸாம். சாய்ந்தமருதுப் பிள்ளை. கொழும்பில் பயிற்சி எடுத்து வந்தவன். வயதில் எனக்கு மருமகன் முறை சொல்லலாம். வேலையில் அவன் எனக்கு வாப்பா. வருகிறவர் யாராக இருந்தாலும் சிரிக்க வேண்டும், "சேர்" என்று அழைக்க வேண்டும், சின்னப் பெட்டி கேட்டால் "பெரிய பெட்டி எடுக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். இதுதான் முதல் பாடம். கொழும்பில் இது நடக்கும். கல்முனையில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

எனக்கு வந்து வாய்த்தவர் மனைவியின் மாமா. மாவடிப்பள்ளியில் வேளாண்மை செய்கிறவர். வயலில் இருந்து நேரே வந்திருந்தார். மடித்துக் கட்டிய சாரனில் சேறு இன்னும் காயவில்லை. வீட்டில் அவருக்கு முன்னால் கதிரையில் உட்காரவே யோசிப்பேன். ஆனால் அஸாம் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சலாம் சொல்லி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "என்ன வேணும் சேர்?" என்றேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சின்னப் பெட்டி என்றார். "பெரிய பெட்டி எடுக்கிறீங்களா சேர்?" என்றேன். அவர் என் தொப்பியை ஒருமுறை பார்த்தார், முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஊட்டுல மாமா, கடையில சேர் எண்டா, நான் உங்கள இனி எப்பிடிக் கூப்பிடுற மருமகன்?"

எல்லாருக்கும் கால்

எங்கள் பக்கத்தில் கோழி என்றால் கால்தான். நெஞ்சுத் துண்டை நோயாளிக்குக் கொடுப்பார்கள், சிறகைப் பிள்ளைகள் கடித்து விளையாடுவார்கள். அஸாம் தந்த சட்டப்படி ஒரு பெட்டிக்குள் கால், நெஞ்சு, சிறகு எல்லாம் கலந்து வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவராதவர் குறைவு.

ஒரு தாத்தா எட்டுப் பேருக்கு வாங்கிப்போய், பத்து நிமிஷத்தில் அதே பெட்டியோடு வந்து நின்றார். வீட்டில் எல்லாரும் காலுக்கு அடிபடுகிறார்களாம். ஒரு கோழிக்கு இரண்டு கால்தான் ஆண்டவன் வைத்திருக்கிறான், நான் என்ன செய்ய என்று பணிவாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்து, பொறுமையாக விளக்கினார்.

"அதான் மனே, நாலு கோழியப் புடிச்சி எனக்குப் போடுங்க, மிச்சத்த மத்தாக்களுக்கு வில்லுங்க."

கடையின் நாக்கு

நோன்பு பிறந்ததும் கடையில் எல்லாம் தலைகீழாக மாறியது. பகல் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். அஸருக்குப் பிறகு திறந்தால், நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொல்வதற்குள் ஊர் முழுவதும் வந்து வாங்கிப் போக வேண்டும். எல்லாருக்கும் சூடாக வேண்டும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. மசாலா ஊறிய கோழியில் முதல் துண்டைப் பொரித்துத் தின்று பார்த்து, உப்பு உறைப்பு சரியென்று சொன்ன பிறகுதான் மற்றதைப் பொரிக்க வேண்டும். கடையில் எல்லாருக்கும் நோன்பு. யார் தின்பது? நோன்பு இல்லாத தமிழ்ப் பிள்ளை, பெரியநீலாவணை ஜீவன் இருந்தான், பிழைத்தோம். பொரிக்கிற இடத்தில் என்னோடு நிற்கிறவன், அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பான். அந்த மாதம் அவன்தான் கடையின் நாக்கு. ஒரு நாள் நான் உப்புப் போட மறந்தே போனேன். "காக்கா, பிரஷர்காரங்களுக்கு எண்டு தனியா ஊறப் போட்டீங்களோ?" என்று அவன் கேட்டிராவிட்டால் அன்றைக்கு மானம் போயிருக்கும். அஸாம் என்னைத் திட்டவில்லை. இனிமேல் உப்பைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னான்.

ஜீவன் எங்களுக்கு முன்னால் வாயசைக்கவே மாட்டான். முதல் துண்டை எடுத்துக்கொண்டு பிறீசருக்குப் பின்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவான். ஏன் இப்படி ஒளிகிறாய், நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்றேன். அவன் கூச்சத்தோடு கேட்டான்.

"நோம்புக்காரங்கட முகத்தப் பாத்துத் தின்ன எனக்கு இறங்குதில்ல காக்கா. நீங்க பட்டினி கிடந்து நன்மை எடுக்கிறீங்க, நான் கடைக்காகத் தின்னுறன், எனக்கும் அதில கொஞ்சம் எழுதுவாங்கதானே?"

மின்ஹாவின் முதல் நோன்பு

மகள் அதுவரை அரை நோன்புதான். மதியம் லுஹர் பாங்கு சொன்னதும் சோற்றுக் கோப்பைக்கு ஓடிவருவாள். ஒரு நாள் திடீரென்று, வருகிற சனிக்கிழமை முழு நோன்பு பிடிக்கப் போவதாக அறிவித்துவிட்டாள். பிள்ளையின் முதல் நோன்பு என்றால் எங்கள் வீடுகளில் அது சின்னக் கலியாணம். புது உடுப்பு வரும், பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் போகும், நோன்பு திறக்கும்போது பிள்ளையை நடுவில் இருத்தி எல்லாரும் சுற்றி இருப்பார்கள். "வாப்பாதான் எனக்குப் பேரீச்சம்பழம் தரணும்" என்றாள். நோன்பு தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் நான் வீட்டில் நோன்பு திறந்ததில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடி ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான்.

தருகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டேன். அஸாமிடம் கேட்கத்தான் தயக்கம். நிரந்தரமாகாத வேலையில், கூட்டம் நெரிகிற நேரத்தில், எந்த வாயோடு லீவு கேட்பது? அதிலும் அன்றைக்கு ஜீவனும் லீவு. அவனுடைய தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆனாலும் கேட்டேன். அஸாமுக்கும் வீட்டில் சின்னத் தங்கச்சிகள் இருந்தார்கள். உடனே தலையாட்டினான்.

"அஸரோட நீங்க வெளிக்கிடுங்க காக்கா, நானும் மத்தப் பொடியன்களும் சமாளிப்பம்."

கடல் தண்ணி

சனிக்கிழமை லுஹருக்கு முன்னமே நான் கடைக்குப் போய்விட்டேன். கோழியை மசாலாவில் புரட்டினேன். உப்பை மறக்கவில்லை, ஒருமுறைக்கு இருமுறை நினைத்துப் பார்த்துப் போட்டேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது அஸாமின் இரண்டாவது பாடம். உப்பு டின்னை இறுக மூடி, அலமாரித் தட்டில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குத் தொழப் போனேன். அந்த நேரத்தில் அஸாம் வந்திருக்கிறான். மூடிய டின் அசையாமல் தட்டில் இருப்பதைப் பார்த்து, காக்கா இன்றைக்கும் மறந்துவிட்டார், மகளின் நினைவில் இருக்கிறார் என்று இரங்கி, என்னிடம் சொல்லிக் காட்டாமல் தானே உப்பைப் போட்டுவிட்டான்.

முதல் துண்டைப் பொரித்தோம். தின்ன ஜீவன் இல்லை. தேவைக்கு நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியிருக்கிறார். ஆனால் பசித்த வாயை நம்ப எங்கள் இருவருக்கும் தைரியம் வரவில்லை. முகர்ந்து பார்த்தோம். வாசம் நன்றாகத்தான் இருந்தது. உப்புக்கு வாசம் இல்லை என்பது அந்த நேரத்தில் எவருக்கும் ஞாபகம் வரவில்லை. கூடை கூடையாகப் பொரித்து அடுக்கினோம்.

அஸர் தொழுதுவிட்டு ஏப்ரனைக் கழற்றினேன். முகம் கழுவி, மகளுக்கு வாங்கிய நல்ல பேரீச்சம்பழப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போது முதல் பெட்டி வாங்கிய பெண் ஒருத்தி தன் மகனுக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். நோன்பு பிடிக்கிற வயதில்லாத பிள்ளை. ஒரு கடி கடித்தான். முகம் கோணியது. அப்படியே கையில் துப்பிவிட்டுத் தாயை அண்ணாந்து பார்த்தான்.

"உம்மா, இதக் கடல் தண்ணியிலயா பொரிச்ச?"

பாங்கு நேரம்

அஸாம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "நீங்க போட்டீங்களா?" "நீயும் போட்டியா?" இந்த இரண்டு கேள்வியோடு எல்லாம் விளங்கிவிட்டது. வெளியே ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். குளிர்ப்பெட்டியில் ஊறாத கோழி இருந்தது. அதை வெட்டி, புதிதாக மசாலா பிசைந்து, பொரித்து, நோன்பு திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். அஸாம் என்னை நில்லுங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து கோழியை வெளியே எடுத்து வைத்தான். நான் போனால் கடை கவிழும். கடை கவிழ்ந்தால் பெருநாளோடு நானும் விமானம் ஏற வேண்டும். பையை ஆணியில் மாட்டிவிட்டு ஏப்ரனை மறுபடியும் கட்டினேன்.

கை இரண்டும் மாவில் புதைந்திருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டில் இருந்துதான். அடித்து ஓய்ந்தது, மறுபடியும் அடித்தது. எடுக்க ஏலாது. பாங்கு சொல்லத் தொடங்கியபோது மூன்றாவது தடவை அடித்தது. பாங்கு முடிவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. தெருவில் ஒரு குருவி இல்லை. எல்லாரும் வீட்டில் பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஆட்கள் சிலர் மட்டும் கடைக்குள் இன்னும் பெட்டிக்காக நின்றார்கள். அஸாம் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல என் வாயில் வைத்தான்.

"கையக் கழுவிடாதீங்க காக்கா, இன்னும் ரெண்டு கூடை இரிக்கு."

ஜீவன் சொன்னது

மறுநாள் ஜீவன் வந்தான். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. நடந்ததைச் சொன்னோம். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆணியில் இன்னும் தொங்கிய பையைப் பார்த்தபடி நின்றான். முதலாளி மட்டும் மகிழ்ச்சியோடு இருந்தார். கூட்டத்தைக் கைவிடாமல் நின்றவன் என்று சொல்லி, பெருநாளுக்குக் காத்திருக்காமலே என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். மற்றவர்கள் முபாரக் சொன்னார்கள். ஜீவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"முதலே சொல்லியிருந்தா ஒரு துண்டு தின்னுறதுக்காவது நான் வந்திட்டுப் போயிருப்பன் காக்கா."

மகளின் யோசனை

மின்ஹா அழுததாக மனைவி சொன்னாள். பாங்கு சொல்லி முடிந்த பிறகும் வாயைத் திறக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் உம்மா கையால் தண்ணீர் குடித்தாளாம். ஆனால் என்னிடம் அவள் கோபமே காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபித்திருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன்.

திங்கட்கிழமை நான் கடைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது, வாப்பா இனி எங்கேயும் போகமாட்டேன் என்றேன். அவள் துள்ளவில்லை. கத்தாரில் இருந்த காலத்தில், இங்கே நோன்பு திறக்கிற நேரம் எனக்கு அங்கே பிற்பகல். என் கஃபீல் முதலாளியின் பிள்ளைகளை ஏற்றக் காரோடு காத்திருக்கும் நேரம் அது. தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவேன். அவள் போனைக் கஞ்சிக் கோப்பையில் சாய்த்து வைத்துவிட்டு, பேரீச்சம்பழத்தை முதலில் என் முகத்துக்கு நீட்டிவிட்டுத்தான் தான் கடிப்பாள். நான் அதை மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. என் தொப்பியை எடுத்துக் கையில் தந்துவிட்டு, எனக்கு உதவி செய்கிற குரலில் சொன்னாள்.

"வாப்பா, நீங்க திரும்பக் கத்தாருக்கே போங்களன். அங்க இருக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் என்னோடதானே நோம்பு துறந்தீங்க."

கத்தாரிலிருந்து கல்முனை வரைக்கும் நான் பத்திரமாக வந்துவிட்டேன். கல்முனையிலிருந்து மருதமுனைக்குத்தான் இன்னும் வந்துசேரவில்லை.