என் கணவர் திரும்பி வந்த பிறகு

முந்தின வருடம் ஐப்பசியில் நடந்தது இது. குளச்சலுக்கு மேற்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஊர் எங்களுடையது. என் கணவர் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகில் தொழிலாளி. நான் வீட்டில் சூரை மீன் ஊறுகாயும் இறால் சம்மந்திப் பொடியும் செய்து, போனில் வீடியோ போடும் பக்கம் ஒன்று தொடங்கி விற்று வந்தேன்.

பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் ஊறுகாய்க்காகவே வந்தவர்கள். "அக்கா, இதுல வினிகர் உண்டா?" "பிளைட்டுல கொண்டு போனா கசியுமா?" என்று கேட்பார்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, கசியவில்லை என்று வீடியோ போட்டுக் காட்டுவேன். காலையில் கடற்கரையில் ஏலம் நடக்கும்போது என்ன மீன் வந்திருக்கிறது என்று காட்டுவேன். நல்ல சூரை கிடைக்காத வாரம் "இந்த வாரம் இல்லை" என்று சொல்லிவிடுவேன். என் முதல் வாடிக்கையாளர், வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் நெய்யூர்ப் பக்கத்துப் பெண். டூட்டி முடிந்து போகும்போது வாய்ஸ் மெசேஜ் போடுவாள். "அக்கா, ஒங்க பேச்சக் கேட்டாலே எனக்கு வயிறு நெறஞ்சிரும் கேட்டியளா" என்பாள். அவள் சொல்லி அவளுடைய ரூமில் இருப்பவர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லி வேறு சிலர் வந்தார்கள். நேரில் பார்த்தே இராத அவளை என் கூடப்பிறந்தவளாக நினைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் கணவரின் படகு வரவேண்டிய நாளில் வரவில்லை. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. காற்று மாறிய பிறகு பார்க்கவில்லை, வயர்லெஸ்ஸிலும் சத்தம் இல்லை என்றார்கள். பெண்கள் எல்லோரும் கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு கிடந்தோம். அதிகாரிகளிடம் போய் அழுதோம். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "பார்க்கிறோம்" என்றார்கள்.

என் நாத்தனார்தான் சொன்னாள். "ஏட்டி, ஒனக்க பேஜ்ல ஆளு உண்டுல்லா? அதுல ஒண்ணு சொல்லிப் போடு. யாருக்க கண்ணுலயாவது படட்டும்."

கோயில் வாசலில் நின்று பேசினேன். படகின் நிறத்தைச் சொன்னேன், எந்தத் திசையில் போனார்கள் என்று சொன்னேன். கணவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் பேச்சு நின்று அழுகை வந்துவிட்டது. நாத்தனார் அதை அப்படியே போட்டுவிட்டாள். மறுநாள் விடிவதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. பேர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் "அழாதீங்க அக்கா" என்று எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து என் பக்கத்தில் சேர்ந்தார்கள். அன்றைக்கு அவர்களைக் கடவுள் அனுப்பியவர்களாகத்தான் பார்த்தேன்.

கடைசியில் என் கணவரையும் கூட இருந்தவர்களையும் காப்பாற்றியது என் வீடியோவையே பார்த்திராத கேரளப் படகுக்காரர்கள். எஞ்சின் கெட்டு, லட்சத்தீவுப் பக்கம் மிதந்துகொண்டிருந்த படகைக் கண்டு, கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "ஏட்டி, நான்தான். இருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் பழைய ஆளாக இல்லை. உதடு வெடித்து, தோல் உரிந்து, சோறு விளம்பிக் கொடுத்தால் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் வந்துவிட்டார், எல்லோருக்கும் நன்றி என்று எழுதிப் போட்டேன். "அண்ணனைக் காட்டுங்க", "நீங்க ரெண்டு பேரும் சந்திச்ச வீடியோ எங்கே?" என்று கேட்டார்கள். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்னய விட்டுருட்டி. நான் என்ன காட்சிக்கு வச்ச பொருளா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் என் பேஜில் பேச்சு மாற ஆரம்பித்தது. ஏன் காட்டவில்லை, முதலில் காணாமல் போனாரா இல்லையா என்று ஒருவர் கேட்டார். அதற்கு நூறு பேர் சிரித்தார்கள்.

அவரால் உடனே கடலுக்குப் போக முடியாது. அடுப்பு எரியவேண்டும் அல்லவா? மறுபடியும் ஊறுகாய் வீடியோ போட்டேன். "புருஷனை வச்சு வியாபாரமா?" என்று ஒரே கூச்சல். நான் அழுததையும் ஊறுகாய் பாட்டிலையும் ஒட்டி, பாட்டுப் போட்டு யாரோ பரப்பினார்கள். நான் பேசும் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார்கள். என்னுடைய பழைய ஆட்கள் கேட்ட கேள்விகள் அந்த வசவுகளுக்குள் எங்கேயோ போய்விட்டன. தேடித் தேடிப் பார்ப்பேன், கண்டுபிடிக்க முடியாது. இத்தனை ஆயிரம் பேர் இருந்தும், முன்பு விற்றதில் பாதிகூட விற்கவில்லை.

வடசேரிச் சந்தையில் வற்றல் மிளகாய் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கல்லூரிப் பெண் ஓடி வந்தாள். "அந்த அழுத அக்கா நீங்கதானே? ஒரு செல்ஃபி எடுத்துக்கிடட்டா?" என்றாள்.

"நம்ம ஊறுகாய் வாங்கியிருக்கியா மக்களே?" என்று கேட்டேன்.

"ஊறுகாயா? நீங்க ஊறுகாயா விக்கிறிய?" என்றாள். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கையில் அள்ளிய மிளகாயைத் திரும்பப் போட்டுவிட்டு நானும் வந்துவிட்டேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு சாயங்காலம் அந்த நர்ஸ் பெண்ணிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. சந்தோஷமாகச் சத்தம் கூட்டிப் போட்டேன். கணவர் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சிராதிய. இங்க எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்லுகாவ. அண்ணன் நெசமாவே காணாமத்தான் போனாவளா?"

அவருக்கும் கேட்டுவிட்டது. கடலைப் பார்த்தபடியே, "வேணும்னா நான் இன்னொரு தடவ போயி, செத்தாப்புல மெதந்து காட்டட்டா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை, அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அவளுக்கு, "ஆமா மக்களே, காணாமத்தான் போனாவ" என்று மட்டும் பதில் அனுப்பினேன். உடனே மன்னிப்புக் கேட்டாள், ஊறுகாயும் கேட்டாள். அனுப்பிவைத்தேன். ஆனால் அவளோடு பழையபடி பேச நாக்கு வரவில்லை. சில வாரங்களில் பக்கத்தையே மூடிவிட்டேன். இப்போது ஊரில் இரண்டு கடைகளுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறேன். பாட்டிலில் அவர்கள் கடைப் பேர்தான் இருக்கும். கணவர் மறுபடியும் கடலுக்குப் போகிறார்.

அவர் உயிரோடு வந்ததற்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் நன்றி சொல்கிறேன். சொல்லும்போதே, அவர் வராமல் போயிருந்தால் அத்தனை பேரும் என்னை நம்பியிருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. அப்படி ஒரு எண்ணத்தை என் மனசுக்குள் வைத்துவிட்டுப் போனவர்களை மன்னிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.