முட்டையும் முடியும் பாஸான கதை

உயிர்த்தகவலியல் படித்தால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆய்வகத்தில் உட்காரலாம் என்று தென்காசியில் யாரோ சொன்னதை நம்பி வந்தவள் நான். கிடைத்தது நீலக் கோட்டு. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய அந்த வருடங்களில், வார நாளில் ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் லைனில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வகுப்பு. கடைசி ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி. தேறினால் ஆய்வக வேலை ஒன்று காத்திருந்தது. தேறாவிட்டால் இன்னொரு வருடமும் விளக்குதான்.

வழிகாட்டிப் பேராசிரியர் ஓர் இணைய முகவரியைக் கொடுத்து மதிப்பீடு செய்யச் சொல்லியிருந்தார். ஆர்.என்.ஏ.வில் வேண்டாத துண்டை வெட்டிப் போட்டு வேண்டியதை ஒட்டுவதற்கு ஸ்பிளைசிங் என்று பெயர். அந்த வேலை பார்க்கும் புரதங்களின் தரவுத்தளம் அது. ஏதாவது ஒரு புரதத்தின் வரிசையை உள்ளே கொடுத்தால், இது ஸ்பிளைசிங் ஆள்தானா என்றும் சொல்லும். மூன்று வாரம் பார்த்து, பக்கத்தின் நிறம் கண்ணுக்கு இதம் என்று எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் லைனின் கடைசி இன்ஸ்பெக்டர் வல்லம் வடகாலைச் சேர்ந்த ஓர் அக்கா. அவளுடைய பதினேழாம் நம்பர் முத்திரை விழாமல் ஒரு விளக்கும் கேட்டைத் தாண்டாது. கேன்டீனில் அவளிடம் புலம்பினேன்.

"மெஷின் மேல டவுட்டுன்னா மொதல்ல ஒரு கெட்ட பீஸை உள்ள வுடு. புடிக்குதா பாரு" என்றாள்.

எங்கள் ஷிஃப்டு தொடங்குவதே அப்படித்தான். விரிசல் விட்ட விளக்கு ஒன்றை வேண்டுமென்றே அனுப்புவோம். செக்கிங் மெஷின் கத்தினால்தான் லைன் ஓடும். இத்தனை நாள் அதைச் செய்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவும் பிரவுசிங் சென்டருக்கு வந்தாள். வந்ததும் திரையின் அடிப்பகுதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். "செஞ்சது யாருன்னு பாக்கக் கூடாது. பாத்தா கை எளகிடும்." லைனிலும் சப்ளையர் லேபிளை மூடிவிட்டுத்தான் பீஸைத் தொடுவாள்.

கெட்ட பீஸுக்கு எங்கே போவது என்று கேட்டேன். என் ஹாஸ்டல் முட்டைக் குழம்பை நினைவுபடுத்தினாள். சரியென்று முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைப் போட்டேன். ஸ்பிளைசிங் புரதம் என்றது தளம். குழம்பில் வழக்கமாகக் கூடவே வரும் முடியின் புரதத்தைப் போட்டேன். அதுவும் ஸ்பிளைசிங்தான், நம்பகத்தன்மை மிக அதிகம் என்றது. சென்டரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

அறிக்கை என்று எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைப் படிவம் ஒன்றுதான். சிவப்புக் கட்டம் போட்டு, 'லாட் நிராகரிக்கப்பட்டது, சப்ளையரிடம் விளக்கம் கேட்கவும்' என்று எழுதினேன். சோதித்தவர் என்ற இடத்தில் அக்கா பெருமையாகப் பதினேழு என்று போடச் சொன்னாள். பேராசிரியருக்கு மெயில் போய், மறுபடி தளத்தைத் திறந்த பிறகுதான் கையை எடுத்தாள். அடியில், தளத்தை உருவாக்கியவர் என்று என் பேராசிரியரின் பெயர் இருந்தது. மூன்று வாரமாக நிறத்தைப் பார்த்தவள் அந்த வரிவரை இறங்கியதே இல்லை.

வைவாவில் அவர் அந்தச் சிவப்புக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். "யாரும்மா இந்தப் பதினேழு?"

வெளியாள் செய்தது என்றால் ப்ராஜெக்டே போய்விடுமோ என்று பயம். "படிவ நம்பர் சார்" என்றேன்.

தலையாட்டினார். இத்தனை வருடத்தில் தானும் சரி, மற்றவர்களும் சரி, சரியான புரதங்களையே போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம் என்றார். நல்ல மார்க் போட்டார்.

திங்கட்கிழமை அக்கா முதலில் கேட்டது மார்க்கை அல்ல. "என் நம்பரப் பாத்து இன்னா சொன்னாரு?"

"நல்லாருக்குன்னாரு யக்கா."

விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு எந்த விரிசல் தப்பியிருக்கிறது? வெட்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கெட்ட பீஸில் ஒட்டும் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்து என் நீலக் கோட்டின் பையில் ஒட்டினாள்.

"தூக்கிப் போடுற ஸ்கிராப் இல்ல, ரீவொர்க்குதான். போய் சரி பண்ணிக்கினு வா."

சீட்டை ஒட்டிக்கொண்டே அன்று மாலை அதே பிரவுசிங் சென்டருக்குப் போய், பேராசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன். மார்க் போனாலும் போகட்டும் என்றிருந்தது. முதல் வரியில் பதினேழு யார் என்று எழுதினேன்.