மேட்டுத் தெருவுக்கு ஒரு எஞ்சின்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் கையை விரித்துவிடுவார்கள். "சொட்டு வீடு எது?" என்று கேட்டால் கதவுவரை கூட்டிப்போய் விடுவார்கள். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலெல்லாம் ஒரு சொட்டு ஆயில் வைத்துவிட்டுத்தான் கிளம்பும். மனுசர் எங்கே போனார், எங்கே நின்று அரட்டை அடித்தார் என்று அவர் மனைவி யாரையும் கேட்க வேண்டியதே இல்லை.

கடைசல் பட்டறையில் வேலை. காலையில் லேத்தை ஓடவிடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக் கொஞ்சம் நிற்பார். 'இன்னைக்கு என் கையால யாருக்கும் கெடுதல் வந்துடக் கூடாது' என்பதுதான் வேண்டுதல். அதற்கு மேல் கேட்டுப் பழக்கமில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் இன்னொன்றும் கேட்டார்: வண்டிக்குக் கொஞ்சம் தெம்பு. மேட்டுத் தெரு உச்சியில் அவர் மனைவியின் அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கருங்கல் பதித்த குறுகலான தெரு. நடுவில் கையை முறுக்கினாற்போல ஒரு திருப்பம். கார் ஏறாது. வண்டியில் போனாலும், எஞ்சின் தேய்ந்துபோனதால், திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அங்கே மனைவி இறங்கி மிச்சத் தூரத்தை நடந்து ஏறுவாள். இப்போது அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. நடக்கவும் வழியில்லை.

"பரவாயில்லைங்க, போன்ல பேசிக்கிறேன்" என்றாள் அவள்.

ஆனால் அக்காவின் குரல் மங்கிவிட்டது. போனில் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். பேசி முடித்த பிறகும் மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஜன்னலோரம் நிற்பாள். அதைப் பார்த்துத்தான் அவர் எஞ்சினைப் பிரிப்பது என்று முடிவு கட்டினார். வேறு வண்டி என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவள் ஏறி உட்கார்ந்த சீட் அது.

அவள் தம்பி மெக்கானிக். வேகப் பைத்தியம். அவனுடைய சொந்த வண்டிக்குப் பின் சீட்டே கிடையாது. "சாமான் குறைஞ்சா வேகம் கூடும்" என்பான். "கல்யாணமும் அதனாலதான் பண்ணிக்கலையாடா?" என்று அவள் கேட்டால் ஸ்பேனரைத் தேடுகிறமாதிரி குனிந்துகொள்வான்.

அவனிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, இதுக்குக் கொஞ்சம் தெம்பு வேணும்."

"கொஞ்சமா? மச்சான், என்கிட்ட விடுங்க. கிழவனைக் காளையாக்கிக் காட்டுறேன்."

இரண்டு பேரும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! தம்பி பிரித்தான், இவர் கடைந்தார். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள். வால்வு உட்காரும் இடங்களைத் தேய்த்து, ஒரு துளி பெட்ரோல்கூடக் கசியாமல் பார்த்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்கு மேல்தான் ஆசை வண்டியை ஓட்ட ஆரம்பித்தது. வால்வைத் திறந்து மூடுகிற கேமில், பந்தய வண்டிக்குப் போடுகிற ஒன்றைத் தம்பி எங்கிருந்தோ கொண்டுவந்தான். வாய் அகலமான கார்புரேட்டர் வந்தது. அடைப்பில்லாத சைலன்சர் வந்தது.

"சிலிண்டர் ஹெட்ட இன்னும் ஒரு நூல் சீவுங்க மச்சான், அழுத்தம் ஏறட்டும்."

சீவினார். லேத்தில் வெள்ளிச் சுருளாக உலோகம் விழுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை.

பெரிய சாலையில் ஓட்டிப் பார்த்த அன்று வண்டி பறந்தது. காற்றில் கண்ணீர் வழிந்தது. டீக்கடையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். "யோவ் சொட்டு, சொட்டு விடவே நேரமில்லாமப் பறக்குறியே!" என்றார் கடைக்காரர். வீடு வந்து சேரும்வரை அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மனைவி நல்ல புடவை கட்டி, அக்காவுக்குத் துவைத்து மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். மேட்டுத் தெரு ஆரம்பத்திலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியது. மெதுவாகப் போனால் எஞ்சின் இருமியது. முறுக்கினால் எகிறியது. கல் மேல் இவளை வைத்துக்கொண்டு எகிற முடியுமா? அழுத்தம் தாங்காமல் உள்ளே யாரோ ஆணி அடிக்கிறமாதிரி டிங் டிங் என்று சத்தம். திருப்பத்துக்கு வந்ததும் ஒரு கத்துக் கத்திவிட்டு அணைந்தது. கிளட்ச் கருகிய வாடை.

உதைத்துப் பார்த்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். அது உயிர் பெறவே இல்லை.

அவள் இறங்கி ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அக்கா வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது. அதைப் பார்த்தபடி இருந்தாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"முன்னெல்லாம் மெதுவாப் போறப்பவே அடியில இருந்து இழுக்குங்க" என்றாள் கடைசியில். "என் கால்ல தெரியும். தெம்பு இல்லாட்டியும் அடியில இருந்துதான் இழுக்கும். இப்போ கத்தின பிறகுதான் இழுக்குது."

அவர் வண்டியைத் திருப்பினார். ஒரு கையில் அவளையும் ஒரு கையில் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்று ராத்திரி, 'ஆண்டவனே, தெம்பு கேட்டேன். யாருக்காகக் கேட்டேங்கிறதைக் கை மறந்துடுச்சே' என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

"மச்சான், இந்த மாதிரி எஞ்சின் நான் கட்டினதே இல்ல. இதைப் போய்ப் பிரிக்கணுமா?"

"நல்ல எஞ்சின்தான் மாப்ள. ஆனா உன் சின்னக்கா பெரிய சாலைக்குப் போகல, பெரியக்கா வீட்டுக்குப் போறா."

தம்பி கையிலிருந்த துணியை உதறித் தோளில் போட்டான். பிறகு தானே டேங்கைக் கழற்றினான்.

பழைய கேம் திரும்ப உள்ளே போனது. சின்ன கார்புரேட்டரையும் பழைய சைலன்சரையும் கழுவி மாட்டினார்கள். புது பிஸ்டனும் வால்வு வேலையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள். எஞ்சின் பக்கத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரத்தைப் பல் குறைந்ததாகப் போட்டார்கள். வேகம் போகும், இழுவை வரும். ஹெட்டுக்குத்தான் வழியில்லை. சீவி எடுத்ததை எந்த லேத்தாலும் திரும்ப ஒட்ட முடியாது. அதற்கு ஈடாக, அழுத்தம் இறங்கட்டும் என்று, சிலிண்டருக்கு அடியில் வைக்க ஓர் அலுமினியத் தகடு கடைந்தார். அதைக் கடைந்தபோது லேத்தை மிக மெதுவாக ஓட்டினார். கடைந்து, அளந்து, திரும்பக் கடைந்து, தம்பி கொட்டாவி விடும்வரை விடவில்லை.

அடுத்த முறை ஏறியபோது தம்பியும் பின்னாலேயே நடந்து வந்தான், நின்றால் தள்ளுவதற்கு. தள்ள வேலை வைக்கவில்லை. டுக் டுக்கென்று, மூட்டை சுமக்கிறவன் படியேறுகிற நிதானத்தில், வண்டி திருப்பத்தைத் தாண்டியது. மனைவி அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். தம்பிதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

கட்டிலில் கிடந்த அக்கா, இவர்கள் வாசலில் நுழையுமுன்பே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ வரும்போதே தெரிஞ்சுடுச்சுடி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?" குரல் எழும்பவில்லை. தங்கை காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டு, மற்றவர்களுக்குச் சொன்னாள். அக்கா மறுபடியும் ஏதோ கேட்டாள். இந்தத் தடவை தங்கை தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள்.

"பெரியக்கா என்ன சொல்லுது?" என்றான் தம்பி.

"அன்னைக்கு ஒரு நாள் சாயங்காலம் திருப்பத்துல ஒரு வண்டி கத்திட்டு நின்னு போச்சாம். ரொம்ப நேரம் யாரோ உதைச்சாங்களாம். பாவம், யார் அதுன்னு கேக்குறா. அவங்க நல்லா வீடு போய்ச் சேரணும்னு படுத்தபடியே வேண்டிக்கிட்டாளாம்."

தம்பி தரையைப் பார்த்தான். சொட்டு கட்டிலருகே வந்து நின்றார்.

"நாங்கதான்க்கா" என்றார். "நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டோம்."