ஒன்பதாம் எண்ணுக்குப் பயமாக இருக்கிறது

பிள்ளைகளின் மனசைப் பார்த்துக்கொள்ளும் செல்போன் செயலி செய்கிறவர்களுக்குக் கதவு திறந்து, டீ போட்டு, கூடவே கவலையும் படுவதுதான் என் வேலை. தூத்துக்குடியில், புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆறு மாதம் மேசையும் இணையமும் கொடுக்கிற ஒரு கூடத்தில் இருக்கிறேன். அடுத்தவர் பிள்ளைக்காகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள்.

எட்டாம் வகுப்பு

நாசரேத் ஷெரினும் ஸ்ரீவைகுண்டம் முத்துராஜும் எங்கள் கூடத்தின் மூலை மேசைக்காரர்கள். கடலோரப் பிள்ளைகளிடம் தினமும் ஒரு கேள்வி கேட்டு, மனசு சரியில்லை என்றால் ஆலோசகரோடு பேசவைப்பது அவர்கள் செயலி. முதல் கேள்வியை என்னை வாசிக்கச் சொன்னார்கள். "தங்களது தற்போதைய உணர்வு நிலையை மதிப்பிடுக" என்று இருந்தது. "ஏளா, இப்படிக் கேட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடினேன். இன்னைக்கு மனசு எப்படி இருக்குன்னு கேளேன்" என்றேன். ஷெரின் அப்படியே மாற்றினாள். முத்துராஜ் சொன்னான்: "அக்கா எட்டாங்கிளாஸோட நின்னது நம்ம கம்பெனிக்கு நல்லதாப் போச்சு."

கையெழுத்து

புன்னைக்காயலில் பிள்ளைகளைச் சேர்க்கப் போனோம். ஆளுக்கொரு எண். பெயர் திரையில் தெரியாது. மூன்று நாள் தொடர்ந்து மோசமான பதில் வந்தால் மட்டும் பெயரைத் திறந்து வீட்டுக்குப் பேசுவோம் என்று சொல்லி, பிள்ளையிடமும் பெற்றவரிடமும் கையெழுத்து வாங்கினோம். ஷெரின் அரை மணி நேரம் விளக்கினாள். யாராவது "எம் பிள்ளைக்கு என்ன பைத்தியமா" என்று சண்டைக்கு வருவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தாய் எழுந்து கேட்டது இதுதான்: "இதைப் போட்டா எம் மவ போனைக் கீழ வைப்பாளா, இல்ல இன்னும் கூடத் தூக்குவாளா?"

ஒரே ஒரு பச்சை

பதில் வந்தால் எங்கள் திரையில் அந்த எண் பச்சையாகும். இரண்டாவது வாரத்திலேயே பச்சை குறைந்துபோனது. ஆறு மாத முடிவில் கூடத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் சோதிக்க வருவார்கள்; பிள்ளைகள் தொடர்ந்து பயன்படுத்துவதை அவர்களிடம் காட்டாவிட்டால் அதற்குமேல் மேசை கிடையாது. மூன்றாவது வாரம் ஒன்பதாம் எண் மட்டும் தினமும் காலை ஐந்தரைக்குப் பச்சையானது. அதைப் பார்க்கத்தான் நான் சீக்கிரமே வந்து கூடத்தைத் திறப்பேன்.

பிறகு ஒருநாள் ஒன்பதாம் எண், "தூக்கம் இல்ல" என்றது. மறுநாள், "பயமா இருக்கு." அதற்கு மறுநாளும், "பயமா இருக்கு." பெயரைத் திறந்தோம். பிரின்சி, பதினேழு வயது. ஆலோசகர் கூப்பிட்டால், கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. பதினேழு வயசுப் பிள்ளை விடியும்போது எதற்குப் பயப்படுகிறாள்? நான் நினைக்காத கெட்டது பாக்கியில்லை. புன்னைக்காயல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஷெரின் சொன்னாள்: "இந்த ஒரு பச்சையும் நின்னு மேசை போனாப் போகட்டும் அக்கா. நாம போறப்ப அவ வீட்டுல இருந்தாப் போதும்."

கடலுக்குப் போன கைப்பேசி

பிரின்சி வாசலில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். "நான் அதை ரெண்டு நாள்தான் தொட்டேன். போனு விடியமுன்ன அப்பாகூடக் கடலுக்குப் போயிரும்லா" என்றாள். வீட்டுக்கே ஒரு கைப்பேசிதான். வழி பார்க்க அது படகில் போகும். ஆளுக்கொன்று இருக்கும் என்று நினைத்தே செயலியைச் செய்திருந்தார்கள். இத்தனை கவலைப்படுகிற எனக்கும் அது தோன்றவில்லை.

மத்தியானம் அப்பா கரையேறினார். ஷெரின் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். அவரே மகளையும் கிட்டே வரச் சொன்னார். போன மாதம் இஞ்சின் நின்று கடலில் வெகுநேரம் கிடந்தாராம். அதிலிருந்து கரை மறையும்போது பயம் பிடித்துக்கொள்கிறது. கூட்டாளிகளிடம் சொன்னால் இவரோடு படகேற யோசிப்பார்கள். வீட்டில் சொன்னால் போகவிட மாட்டார்கள். "அது கேட்டுச்சும்மா, நான் சொன்னேன்" என்றார், தலையைத் துவட்டியபடி. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; மகள் பெயரை மாற்றிவிட்டேன்.) பிரின்சி அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "டைப் பண்ணத் தெரியாதுன்னு எல்லாத்துக்கும் என்னையத்தான அடிக்கச் சொல்லுவிய."

எந்தக் கட்டம்

திரும்பி வந்ததும் ஒரே கைப்பேசியில் இரண்டு பேர், ஒருவர் பதிலை மற்றவர் திறக்க முடியாதபடி தனித்தனிப் பூட்டு என்று செயலியை மாற்றினார்கள். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்று விட்டுப்போன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிரின்சிக்கும் ஓர் எண் வந்தது. அவள் அப்பாவோடு ஆலோசகர் வாரம் ஒருமுறை பேசுகிறார்.

ஆனால் எல்லாரும் திரும்புவதற்குள் சோதிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். "ஒன்பதாம் நம்பர்ல மூணு வாரமா வந்ததும் பச்சைதான, வயசை யாரு கேக்கப்போறா" என்றான் முத்துராஜ். ஷெரின் அவர்கள் கேட்பதற்கு முன்பே, ஒன்பதாம் எண்ணுக்கு நாற்பத்தாறு வயது என்று சொல்லிவிட்டாள். அவர்களில் ஒருவர் பேனாவை நிறுத்தி, "இது இளைஞர் திட்டம். அப்பாவை நான் எந்தக் கட்டத்துல எழுத?" என்றார். ஷெரின் சொன்னாள்: "பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டத்துல எழுதுங்க சார்."

மேசை வேறொருவருக்குப் போய், இருவரும் இப்போது மாப்பிள்ளையூரணியில் என் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து வேலை செய்வதால், இவர்களை நினைத்துக் கவலைப்பட நான் பஸ் ஏற வேண்டியதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு வந்த ஒரே முன்னேற்றம்.