பஸ்ஸுக்கு ஆள் சேர்த்தோம்

வயலில் கல் ஊன்றி மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டால் அது நகர் ஆகிவிடும் என்று எவனோ நினைத்தான். அவன் நினைத்ததில் நாங்கள் போய்க் குடியிருந்தோம். கோவில்பத்துக்கும் அந்தாண்டை. முகப்பில் சிமெண்டு வளைவு, அதில் நகரின் பெயர், அதைத் தாண்டினால் பத்துப் பதினைந்து வீடு. மிச்சமெல்லாம் காலி மனை, அதற்கு அப்புறம் இன்னும் விற்காத வயல். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "அமைதியா இருக்குல்ல" என்பார்கள். சொல்லிவிட்டு நாலு மணிக்கெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வீட்டைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ரெண்டு ரூம், பெரிய சமையற்கட்டு, பின்னாடி கிணற்றடி. வாடகை டவுனில் கொடுத்ததில் பாதி. அதற்காகத்தான் வந்தோம். என் வீட்டுக்காரருக்கு நெடுங்காட்டில் கிளார்க் வேலை, இங்கிருந்து அவருக்கு வழியும் மிச்சம். காலையில் பைக்கை எடுத்தால் சாயங்காலம்தான் திரும்புவார்.

எனக்கு டவுனில் ஒரு அச்சகத்தில் வேலை இருந்தது. கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பேன். காதுகுத்து, நிக்காஹ், கிரகப்பிரவேசம், எது வந்தாலும் சரி. அந்த வேலையை இங்கே வந்ததும் விட வேண்டியதாகிவிட்டது. மெயின் ரோட்டுக்கு நடக்கவே அரை மணி ஆகும். நடந்து போனாலும் அங்கே வருகிற பஸ் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு வரும், நிறுத்தினால் நிறுத்துவான்.

அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. பத்து மணிக்குள் வீட்டு வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் என்ன செய்வது? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. கூட்டின வாசலையே மறுபடி கூட்டுவேன். டிவி போட்டால் கரண்ட் போய்விடும். ஒருநாள் மத்தியானம் கதவைப் பூட்டிக்கொண்டு, வெயிலில், வளைவு வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்குள் வந்து அழுதேன். சாயங்காலம் இவர் வந்து, "என்ன, கண்ணு வீங்கியிருக்கு, நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். அவர் வீட்டுக்காரர் வெளிநாட்டில், கூட மாமியார் மட்டும். "இந்த வனாந்தரத்துல கொண்டாந்து போட்டுட்டாங்களே" என்று ரெண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு புலம்புவோம். புலம்பிப் புலம்பி அலுத்துப்போய்த்தான் மினி பஸ்காரரைப் போய்ப் பார்த்தோம். டவுனிலிருந்து வரும் அவருடைய மினி பஸ் கோவில்பத்தோடு திரும்பிவிடும். அதை வளைவு வரைக்கும் விடச் சொல்லிக் கேட்டோம்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒரு மாசம் விட்டுப் பாக்குறேன். ஆள் ஏறலேன்னா நிறுத்திடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அந்த ஒரு மாசம் நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே! வீட்டுக்கு ஒரு ஆள் முறைவைத்து ஏற வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டுவிட்டார். வேலை இருக்கோ இல்லையோ, ஏறு. கறிவேப்பிலை வாங்க ஒருத்தி டவுனுக்குப் போனாள். ஒருத்தி நகப்பூச்சு பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொண்டு வந்தாள். கடைசி வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பஸ் ஸ்டாண்ட் வரை போய், இறங்காமலே, அதே சீட்டில் திரும்பி வருவார். கேட்டால், "காத்து நல்லா வருது" என்பார். கண்டக்டர் எமகாதகர், முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "இன்னைக்கு என்னங்க வாங்கப் போறீங்க, உப்பா, புளியா?" என்று கிண்டல் செய்துகொண்டே டிக்கெட் கிழிப்பார்.

பஸ் நின்றது. அதாவது எங்களுக்கு என்று நிலைத்து நின்றது. சனிக்கிழமை மட்டும் வராது, திருநள்ளாற்றுக் கூட்டத்துக்குப் போய்விடும். போகட்டும், சனி பகவானோடு யார் போட்டி போடுவது என்று விட்டுவிட்டோம். அச்சகத்து முதலாளியிடம் சொல்லி, சனிக்கிழமை லீவு என்று பேசிக்கொண்டு, பழையபடி வேலையில் சேர்ந்தேன். காலையில் புடவையை மடித்துக் குத்தி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, வளைவில் போய் நிற்கிறபோதுதான் எனக்கு மூச்சே சரியாக வந்தது. அச்சகத்தில் மை வாசனை, போன் சத்தம், மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து போனதற்குச் சண்டைக்கு வரும் சித்தப்பாக்கள். அத்தனையும் எனக்குத் தேவையாக இருந்தது.

ஒன்றரை வருஷம் இருக்கும். அதற்கப்புறம் வண்டிகள் வர ஆரம்பித்தன. எங்கள் பக்கம் யூனியன் பிரதேசம், வரி கம்மி என்பதால் பெட்ரோல் விலை குறைவு, எல்லைக்கு அந்தாண்டை இருக்கிறவர்களே வந்து போட்டுக்கொண்டு போவார்கள். வண்டி விலையும் அங்கே விற்பதைவிடக் குறைவு. இங்கேயே இருக்கிறவர்கள் வாங்காமல் இருப்பார்களா? வாசலுக்கு ஒரு ஸ்கூட்டி வந்தது. எதிர்வீட்டு அக்காவும் வாங்கினார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நானும் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். இவர் பின்னாடியே ஓடி வந்தார், நான் நேரே வாய்க்காலுக்குள் இறக்கினேன். முழங்காலில் தையல். அதோடு அந்தக் கைப்பிடியைத் தொடுவதையே விட்டுவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்றால் பயந்தாங்கொள்ளிதான், போங்கள்.

மினி பஸ்ஸில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. வாத்தியார் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் வளைவில் ஏறுகிற ஆள் நான் ஒருத்திதான். கண்டக்டர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, "உங்க ஒரு டிக்கெட்ட வெச்சு டீசல் ஊத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த வாரம் பஸ் வரவில்லை. வளைவில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் என் பிழைப்பு அடுத்தவர் பின்சீட்டில் ஓடியது. அக்கா தினமும் காலையில் டவுனில் தையல் கிளாசுக்குப் போவார். "வாம்மா, நானும் அங்கதானே போறேன்" என்று அவரேதான் கூப்பிட்டார். ரெண்டு மாசம் ஏற்றிக்கொண்டு போனார். அவர் தலைக்குக் குளித்தால் நான் தாமதம், அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு லீவு. வழியில் அவர் மார்க்கெட்டில் இறங்கினால் நானும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் காலை அவர்கள் கேட்டில் போய் நின்றேன். மாமியார் வந்தார். "அவ அப்பவே கிளம்பிட்டாளேம்மா" என்றார். அவருக்குப் பின்னால் ஸ்கூட்டி நின்றுகொண்டிருந்தது. கழுவின ஈரம்கூடக் காயவில்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், அப்படியே கறுத்துப்போனது. "சரிங்க" என்று திரும்பிவிட்டேன்.

அக்கா மேல் எனக்குக் கோபமே இல்லை என்றால் அது பொய். ஆனால் தினமும் ஒருத்தியைச் சுமந்துகொண்டு போக யாருக்குத்தான் அலுக்காது? மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். ரெண்டு பஸ் நிறுத்தாமல் போனது. மூன்றாவதில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது என் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி நல்லபடியாகத்தான் சொன்னார். "நேரத்துக்கு வர முடியுமா, முடியாதா? ஒண்ணாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க."

அன்று சாயங்காலம் இவர் பைக்கை நிறுத்தினதும், உள்ளே வரக்கூட விடவில்லை. "டவுனுக்கே போயிடலாம்" என்றேன்.

"அங்க வாடகை என்னன்னு தெரியுமா?"

"தெரியும்."

"உன் சம்பளம் மொத்தமும் வாடகையில ஏறுறதுக்கே போயிடும். எனக்குப் பெட்ரோல் வேற. அப்புறம் நீ வேலைக்குப் போயி என்ன பிரயோசனம்? வீட்ல இருந்தா உனக்கு என்ன குறைச்சல்?"

"பைத்தியம் பிடிச்சிடும்ங்க" என்றேன். சத்தம் போடவில்லை. "சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. சம்பளம் மொத்தமும் போகட்டும். நீங்க பாதி வாடகை மிச்சம்னு சொன்னீங்களே, அது என்னை உள்ள வெச்சுப் பூட்டினதுல வந்த மிச்சம்."

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். ரெண்டு நாள் பேசவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். மூன்றாம் நாள் ஆபீஸ் விட்டு இருட்டின பிறகு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கடைத்தெருவுக்குப் பின்னாடி ஒரு வீடு பாத்துட்டு வந்தேன். ஒரே ரூம்தான். சமையக்கட்டுல ரெண்டு பேர் நின்னா திரும்ப முடியாது."

"பரவாயில்லைங்க" என்றேன். "நான் வேலைக்குப் போயிடுவேன். நீங்க ஒருத்தர் தாராளமா நிக்கலாம்."