பொன்னாடையோடு வந்த உதவித்தொகை

மகளுக்கு மூன்று வயதானபோது திருவனந்தபுரத்தில் பி.எட். சேர்ந்தேன். கணவருக்கு அதே ஊரில் தம்பானூர் பகுதியில் ஓட்டல் வேலை. வருமானம் குறைவு என்பதால் கல்லூரியில் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள்.

சில மாதங்களில் இங்குள்ள தமிழர் சங்கம் ஒன்று, படிக்கும் தாய்மார்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி ஆளுக்கொரு காசோலை தந்தது. பாராட்டித் தந்த பரிசுதானே என்று நான் கல்லூரியில் சொல்லவில்லை. பத்திரிகையில் படம் வந்ததும் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள்.

"இது நீதானே? வேற உதவி கிடைச்சா எழுதித் தரணும்னு ஃபார்ம்ல உண்டல்லோ. இனி அந்த அளவு தள்ளுபடியில குறைப்பாங்க," என்றார் கிளார்க் மேடம், மலையாளம் கலந்த தமிழில்.

சொல்லாதது என் தப்பு என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தப் பணம் மகளின் டேகேருக்குப் போய்விட்டதே.

"பிள்ளைய பாத்துக்க ஆளில்லாம நான் எப்படி மேடம் கிளாஸுக்கு வர்றது? அந்தச் செலவ ஃபார்ம்ல எங்க எழுதறது?"

அவர் ஃபார்மைப் புரட்டிப் பார்த்தார். அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை.

"ரசீது வச்சு ஒரு அபேக்ஷ எழுது. பிரின்ஸிபால் பாக்கட்டும்."

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். டேகேர் செலவைக் கழித்துக் கணக்கிட்டதால் தள்ளுபடி கொஞ்சம்தான் குறைந்தது, படிப்பு நிற்கவில்லை.

இப்போது யார் உதவி தருவதாகச் சொன்னாலும், வாங்கும் முன்பே கல்லூரியில் கேட்டுவிடுகிறேன். கட்டம் இல்லாத ஃபார்ம் என்றால் ஓரத்தில் பேனாவால் எழுதுகிறேன்: 'மகள், வயது நான்கு. டேகேர் ரசீது இணைத்துள்ளேன்.'